பரணில் இருக்கும் ராஜா உடுப்பு

பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பேரும் ஊரும் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். அவருடைய மாமனார் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர். போன வருஷம் காலமாகிவிட்டார். பரணிலிருந்து அவருடைய தகரப் பெட்டியை இறக்கிப் பார்த்தால், உள்ளே கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம், சம்கி தைத்த வெல்வெட் சட்டை, ஜரிகைக் கரை போட்ட அங்கவஸ்திரம் இரண்டு, மரத்தில் செய்த கதாயுதம், முகத்துக்குப் பூசுகிற பொடிகள் அடைத்த சின்னச் சின்ன டப்பாக்கள்.

மாமியார், "போனவங்க உடுப்பு வீட்டுல இருக்கக் கூடாது. ஆத்துல விட்டுட்டு வந்துடுங்க" என்கிறாராம். கணவரோ, "பழைய ஜரிகை வாங்குறவன் வருவான், அவன்கிட்ட போட்டுடு" என்கிறார். எட்டு வயசுப் பையன் கிரீடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடுகிறான். "எனக்கு எதுக்கும் மனசு வரலை அக்கா. நான் என்ன செய்யட்டும்?" என்று முடித்திருக்கிறார்.

ஆகவே இந்த இதழில் ஊறுகாய்க்கும் வடாமுக்கும் லீவு.

முதலில் அந்த டப்பாக்கள். மற்றதை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், இது அவசரம். வேஷம் போடுவதை 'அரிதாரம் பூசுவது' என்கிறோமே, அரிதாரம் என்பது என்ன தெரியுமா? மஞ்சள் நிறக் கனிமம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. நம் பெரியவர்கள் பாஷாணம் என்று சொன்ன வகையைச் சேர்ந்தது. சிவப்பாக இருக்கிற மனோசிலையும் அதன் உடன்பிறப்புதான். கதகளிக்காரர்கள் முகத்தில் பூசும் மஞ்சளும் இந்த அரிதாரமே. போதாததற்கு, உலகம் முழுக்க அந்தக் கால மேடைப் பூச்சு வெள்ளைகளில் ஈயம் கலந்திருந்தது. உங்கள் டப்பாவில் இருப்பது நிஜ அரிதாரமா, பிற்காலத்தில் கடையில் வாங்கிய வெறும் சாயப் பொடியா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லாமே விஷம் என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நல்லது.

மூக்கில் துணி கட்டிக்கொண்டு, டப்பாக்களைத் திறக்காமல் அப்படியே எடுத்து, இறுக மூடுகிற ஒரு பெரிய பாட்டிலில் போட்டு, மேலே 'விஷம்' என்று எழுதி, பையன் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். குப்பையில் கொட்டாதீர்கள். கிணற்றங்கரையில் கவிழ்க்காதீர்கள். அடுப்பில் போடவே கூடாது, அந்தப் புகையே விஷம். ஊரில் சுகாதார ஆய்வாளர் வரும்போது காட்டி, என்ன செய்வதென்று கேளுங்கள். இத்தனை வருஷம் கிரீடமும் சட்டையும் அந்த டப்பாக்களோடு ஒரே பெட்டியில் கிடந்திருக்கின்றன. பொடி அதிலும் படிந்திருக்கும். ஆகவே பையன் தலையிலிருந்து கிரீடத்தை இன்றைக்கே இறக்கிவிட்டு, கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். எந்தக் குழந்தையாவது பொடியை வாயில் போட்டுக்கொண்டது தெரிந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இனி மற்ற சாமான்களுக்கு வருவோம்.

அந்தக் கிரீடத்தைக் கையில் எடுத்தவர்கள் முதலில் சொல்வது, "அட, இவ்வளவு லேசா!" என்பதுதான். கூத்தில் கட்டுகிற இந்த மர நகைகளுக்குக் 'கட்டை' என்று பெயர். கட்டைக் கூத்து என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான். பெரும்பாலும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். சளி பிடித்தால் இலையைக் கிள்ளி அடைக்கு அரைக்கிறோமே, அதே மரம். விடிய விடிய ஆட வேண்டும், சுற்றிச் சுற்றி வர வேண்டும், நடுவில் பாடவும் வேண்டும். கனமான மரமென்றால் கழுத்து தாங்குமா? லேசான மரத்தைச் செதுக்கி, வர்ணம் பூசி, கண்ணாடித் துண்டுகளும் ஜிகினாத் தாளும் ஒட்டிவிட்டால், தீவட்டி வெளிச்சத்தில் அதுவே நவரத்தினம். வெல்வெட் சட்டையும் சம்கியும் பிறகு வந்தவை. பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக வந்துபோன பிற்பாடு நம் நாடகக்காரர்களும் படுதா, வெல்வெட், சம்கி என்று இறங்கினார்கள். பிறகு கூத்துக்காரர்களையும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது.

நான் பிறந்தது அரியலூர்ப் பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிக்கிற நாட்களில் கூத்து நடக்கும். ராஜா வேஷத்துக்கு இடுப்பில் பாவாடை குடை மாதிரி விரிய வேண்டுமே, அதற்காக உள்ளே சுற்ற வீடு வீடாகப் புடவை கேட்டு வருவார்கள். எங்கள் அம்மாவும் கொடுப்பார். கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்கக் கர்ணன் என்ன பாடினான் என்றே கவனிக்க மாட்டார். "ஐயோ, சுத்துற சுத்துல என் புடவையைக் கிழிச்சுடுவான் போலிருக்கே" என்று அதிலேயே கண்ணாக இருப்பார். கர்ணன் செத்து விழுந்ததும் அழுதார்கள் பாருங்கள் எங்கள் தெருப் பெண்கள், அதில் பாதி அழுகை புடவைக்குத்தான் என்று என் அப்பா கேலி செய்வார். இதை எதற்குச் சொல்கிறேனென்றால், மேடையில் ஏறுவது ஆண்கள்தான் என்றாலும் அந்த உடுப்பு வந்தது வீட்டிலிருந்து. கிழிந்ததைத் தைத்ததும், வேர்வை ஊறியதைக் காயப்போட்டதும் வீட்டுப் பெண்கள். வேஷக்காரர் போன பிறகு பெட்டி என்ன ஆகும் என்ற கேள்வியும் இப்போது ஒரு பெண் கையில்தான் வந்து நிற்கிறது.

இப்படிப்பட்ட சாமான்களை மியூசியத்தில் வைப்பார்களா என்று கேட்டால், வைக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் குருவாயூர் போன எங்கள் கோஷ்டி, கொச்சியில் ஒரு நாள் தங்கியது. அங்கே தேவரா என்ற இடத்தில் கேரள நாட்டார் கலை மியூசியம் இருக்கிறது. ஒரு தனி மனிதர் பல காலம் தேடிச் சேர்த்த பொருள்களை வைத்து 2009-ல் திறந்தது. கட்டிடத்தையே, பிரித்துப்போட்ட பழைய வீடுகளின் மரங்களைக் கொண்டு எழுப்பியிருக்கிறார்கள். படியேறிப் போகப் போகக் கல் சிலை, விளக்கு, பாத்திரம், நகை. மேல் மாடியில் மரத்தாலேயே இழைத்த நாடகசாலை. கதகளி உடுப்பு, தெய்யம் ஆடுகிறவர்களின் அலங்காரம், முகமூடிகள் என்று பார்க்கலாம். எங்களோடு வந்தவர்கள் தங்க நகையையும் பெரிய உருளியையும் பார்த்துக்கொண்டு கீழேயே நின்றுவிட்டார்கள். என்னால் மாடியை விட்டு வர முடியவில்லை.

கதகளிக் கிரீடத்திலும் காதணியிலும் பச்சையாக மின்னுகிற வேலைக்குப் பொன்வண்டின் ஓட்டை வெட்டிப் பதிக்கிற வழக்கம் உண்டு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பொன்வண்டு! நாம் தீப்பெட்டியில் அடைத்து, வேல இலையைப் போட்டு, 'முட்டை போட்டிருக்கா' என்று மணிக்கு ஒரு தடவை திறந்து பார்ப்போமே, அதேதான். செத்துப் போன பிறகும் அதன் பச்சை மங்குவதில்லை. சாயம் பூசின துணி பத்து வருஷத்தில் வெளுத்துவிடும், இந்த ஓடு நூறு வருஷமானாலும் அப்படியே நிற்கும். ஏனென்றால் அது சாயமே இல்லையாம். ஓட்டின் மேல் படிந்திருக்கும் மெல்லிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வருகிற நிறமாம்.

ஊருக்கு வந்து இதை இங்கிலாந்தில் இருக்கும் என் நாத்தனார் மகளிடம் போனில் சொன்னேன். அவள், "அத்தே, இங்கேயும் ஒரு பொன்வண்டு உடுப்பு இருக்கு" என்றாள். அடுத்த விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள்.

எலன் டெரி என்று இங்கிலாந்தில் ஒரு பெரிய நாடக நடிகை. 1888-ல் லண்டன் லைசியம் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகம் போட்டபோது மாக்பெத் சீமாட்டியாக நடித்தார். அதற்கென்று பச்சை நூலையும் நீல மினுமினுப்பு இழையையும் சேர்த்துக் கொக்கி ஊசியால் பின்னி ஓர் அங்கி. அதன் மேல் சுமார் 1,000 பொன்வண்டுச் சிறகோடுகளைத் தைத்திருந்தார்கள். பாம்புச் செதில் மாதிரியும் இருக்க வேண்டும், போர்க் கவசம் மாதிரியும் இருக்க வேண்டும் என்று யோசனை. அந்தக் காலத்தில் நம் நாட்டில் பொன்வண்டு ஓட்டை வைத்துத் துணியில் வேலைப்பாடு செய்து கப்பலேற்றுவார்கள். சீமையில் அதற்கு நல்ல கிராக்கி. அந்த அங்கியோடு அவர் நிற்பதை சார்ஜென்ட் என்ற ஓவியர் 1889-ல் படமாகத் தீட்டினார். படம் இப்போது லண்டன் டேட் மியூசியத்தில் இருக்கிறது.

உடுப்பு எப்படிப் பிழைத்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எலன் டெரி 1928-ல் காலமானார். கென்ட் மாவட்டத்தில் ஸ்மால்ஹைத் என்ற கிராமத்தில் அவர் வாழ்ந்த பழைய மரச்சட்ட வீடு இருந்தது. அவருடைய மகள் எடித் கிரெய்க், அம்மாவின் உடுப்புகளையும் மேடைச் சாமான்களையும் ஏலம் போட்டுப் பணமாக்கிவிடவில்லை. மறு வருஷமே அந்த வீட்டை அம்மாவின் நினைவாக மியூசியமாகத் திறந்தார். 1939-ல் பழம்பொருள்களைக் காக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற ஸ்தாபனத்திடம் ஒப்படைத்தார். அந்த மகளும் நாடகக்காரிதான், உடுப்புத் தைக்கத் தெரிந்தவர். எதை எதற்காக வைத்திருக்க வேண்டுமென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிறகும் அங்கி சும்மா இருந்துவிடவில்லை. நூல் தொய்ந்தது, ஓடுகள் நொறுங்கின. நிபுணர்கள் 1,300 மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்தார்கள். உடைந்த ஓட்டின் பின்னால் ஜப்பான் மெல்லிய தாளை வைத்து ஒட்டினார்களாம். பசையில் என்ன சேர்த்தார்கள் தெரியுமா? கோதுமை மாவுக் கஞ்சி! 2011-ல் மறுபடியும் பார்வைக்கு வந்தது. "ரூம்ல வெளிச்சமே இல்ல அத்தே, கண்ணு பழகினதுக்கு அப்புறம்தான் பச்சை தெரிஞ்சுது" என்றாள் பெண். மியூசியங்களில் துணி வைக்கும் இடத்தில் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வைப்பதில்லை. நம் வீட்டு ட்யூப்லைட்டைவிட மங்கல். வெளிச்சத்தால் போன நிறத்தை எந்த வைத்தியத்தாலும் மீட்க முடியாது என்பதால் அந்தக் கஞ்சத்தனம்.

சரி, மாமியாருக்கு என்ன பதில் சொல்வது? "போனவர் உடுப்பு" என்ற அவருடைய சங்கடத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கட்டினவரைப் பறிகொடுத்தவர். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு என்ன தோன்றுமென்று நமக்கு எப்படித் தெரியும்? அவரிடம் வாதாடாமல், மெலட்டூர் கதையைச் சொல்லிப் பாருங்கள். கொள்ளிடத்தைத் தாண்டி, தஞ்சாவூர் ஜில்லாவில் இருக்கிற ஊர். அங்கே நரசிம்ம ஜயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். பிரகலாத சரித்திரத்தில் வருகிற நரசிம்மர் முகமூடி வெறும் நாடகச் சாமானாக மூட்டை கட்டிப் போடப்படுவதில்லை. அது கோயிலில் இருக்கிறது, பூஜை நடக்கிறது. அதை அணிகிறவர் விரதம் இருந்துதான் அணிகிறார். பல பேர் முகம் மாறியிருக்கும், முகமூடி சாமியாகவே இருக்கிறது. கூத்துக்காரர்களும் பெட்டிக்கும் கட்டைக்கும் கற்பூரம் காட்டாமல் வேஷம் கட்ட மாட்டார்கள். அதனால் அவருடைய வேட்டி சட்டையைப் பெரியவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். கிரீடத்தை அதோடு சேர்க்க வேண்டாம். அது மாமனாரின் உடுப்பு அல்ல, துரியோதன மகாராஜாவுடையது! இப்படிச் சொன்னால் அத்தை சிரித்தாலும் சிரிப்பார்.

கணவரிடம் கணக்காகப் பேச வேண்டும். பழைய பட்டுப் புடவையைக் கொடுத்தால் பணம் கிடைப்பது ஏன்? நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, தங்க முலாம் பூசியது. வாங்குகிறவர்கள் துணியை எரித்து வெள்ளியை எடுக்கிறார்கள். நம் பாட்டிமார்களின் கூறைப்புடவை எத்தனை இப்படிச் சாம்பலாகிப் போயிற்று! கூத்து உடுப்பிலோ பெரும்பாலும் செம்புக் கம்பி சுற்றிய சாதா ஜரிகையும் ஜிகினாவும்தான் இருக்கும். எரித்தால் ஒரு வேளைக் காய்கறிக்குக் கூடப் பணம் தேறாது. எரிக்காமல் வைத்தால் அந்த ஊரில் ஒரு காலத்தில் எப்படி வேஷம் கட்டினார்கள் என்பதற்கு அது ஒன்றே அடையாளம்.

வைத்துக்கொள்வதென்று முடிவானால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். செய்யக் கூடாதவைதான் அதிகம். வெல்வெட் சட்டையைத் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள். கழுத்தில் இருக்கும் வேர்வைக் கறையும் மஞ்சள் கறையும் நமக்கு அழுக்கு, மியூசியக்காரர்களுக்கு அது சாட்சி. கிரீடத்தில் வர்ணம் உதிர்ந்திருக்கிறதென்று எனாமல் பெயின்ட் வாங்கி அடித்துவிடாதீர்கள். இது பல வீட்டில் நடக்கிறது, கோயில் வாகனத்துக்கும் நடக்கிறது, பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ஈரத் துணியும் வேண்டாம், ஜிகினாத் தாள் கையோடு வந்துவிடும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெத்தென்ற உலர்ந்த பிரஷ்ஷால் தூசியை மட்டும் திண்ணையில் வைத்துத் தட்டுங்கள். மரத்தில் சின்னச் சின்ன ஓட்டையும் கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால் பூச்சி அரிக்கிறதென்று அர்த்தம். அதை மட்டும் துணியிலிருந்து பிரித்துத் தனியாக வைத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் பை கூடாது, உள்ளே ஈரம் கட்டும். கஞ்சி போடாமல் அலசிக் காயவைத்த பழைய வெள்ளை வேட்டி போதும். கஞ்சி இருந்தால் பூச்சி வரும். சட்டையை மடிக்கிற இடத்தில் அதே வேட்டித் துணியைச் சுருட்டி உள்ளே வைத்தால் மடிப்பு விழாது. அங்கவஸ்திரத்தை மடிக்காமல் உருளையாகச் சுருட்டுங்கள். முடியாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மடிப்பை மாற்றிப் போடுங்கள். இது நம் பட்டுப் புடவைக்கும் பொருந்தும். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது, கறுத்துவிடும். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்குப் பழைய நாளிலிருந்து வைக்கிற பொடி ஒன்று உண்டு. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். அதையே சின்ன முடிச்சாகக் கட்டி, துணியில் நேரே படாமல் பெட்டியின் மூலையில் வையுங்கள். வாசனை போனதும் மாற்றுங்கள். பெட்டியைப் பரணில் ஏற்றாதீர்கள், கோடையில் ஓட்டுச் சூடு முழுக்க அங்கேதான் இறங்கும். தரையிலும் வைக்காமல் ஒரு பலகை போட்டு, உள் அறையில் வையுங்கள்.

வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் ஆற்றைத் தேடுவதற்கு முன் ஆளைத் தேடுங்கள். திருச்சியில் ராணி மங்கம்மாள் மகாலில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் கூப்பிடு தூரம். போய்க் காட்டி யோசனை கேட்கலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைக் காப்பதற்கென்றே 1930-ல் ரசாயனக் கூடம் அமைத்தார்கள், தோல்பாவைகளையும் அங்கே வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 1990-ல் தொடங்கிய கட்டைக் கூத்துச் சங்கம் இருக்கிறது. கட்டையின் அருமை தெரிந்தவர்கள். பெண் பிள்ளைகளுக்கும் அங்கே கூத்துப் பழக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பத் திருப்தி.

யாரிடம் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், ஒரு காரியத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு சாயங்காலம் மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். இந்தக் கிரீடத்தை யார் செதுக்கினது, எந்த ஊரில், மாமா எத்தனை வயசில் முதல் வேஷம் கட்டினார், எந்தெந்த ஊர்த் திருவிழாவுக்குப் போவார், இந்தச் சட்டையின் கிழிசலைத் தைத்தது யார். தைத்தது அவரே என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை. சொல்கிறதை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு சாமானுக்கும் நம்பர் போட்ட துண்டு ஒன்றை நூலால் கட்டித் தொங்கவிடுங்கள், பசையால் ஒட்ட வேண்டாம். செல்போனில் முன்னும் பின்னும் படம் எடுத்துவையுங்கள். பேரும் ஊரும் தெரியாத கிரீடத்தை எந்த மியூசியமும் என்ன எழுதி வைக்கும்? 'மரக் கிரீடம்' என்றுதான்.

பையன் அழுவான், தெரியும். பழைய காலண்டர் அட்டையை அவன் தலையளவுக்கு வளைத்துத் தைத்து, மேலே மூன்று கோபுரம் வெட்டி ஒட்டி, ஜிகினாத் தாளும் பொத்தானும் வைத்துக் கொடுங்கள். தாத்தா கிரீடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் பூ எங்கே, கண்ணாடி எங்கே என்று அவனையே பார்த்து வரையச் சொல்லுங்கள். தொடாமல்!